மரம் நட யாரிடம் பணம் கொடுப்பது? நான்கு வழிகளும் அவற்றின் கணக்கும்

குழந்தையின் பிறந்தநாள், அப்பாவின் நினைவு நாள், அலுவலக நண்பர்கள் சேர்த்த தொகை. காரணம் எதுவானாலும், மரம் நடப் பணம் கொடுக்க நினைப்பவர்கள் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். இணையத்தில் ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று கேட்கும் பெரிய அமைப்புக்குக் கொடுப்பதா? ஊரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் குழி தோண்டும் இளைஞர்களுக்கா? ஒரே இடத்தில் வருடக்கணக்காகக் காடு வளர்ப்பவர்களுக்கா? அரசே மரம் நடுகிறதே, அதில் சேரலாமா?

இதற்கு யாரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. பார்க்க ஆவணங்கள் இருக்கின்றன, கேட்கக் கேள்விகள் இருக்கின்றன, நேரில் போய் எண்ணிப் பார்க்கக் குழிகளும் இருக்கின்றன. முதலில் எதை வைத்து எடைபோடுவது என்று பார்த்துவிடலாம். நான்கு வழிகளையும் அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

## எதை வைத்து எடைபோடுவது

மூன்றாவது கோடைக்குப் பிறகு எத்தனை மரம் உயிரோடு இருக்கிறது? என் பார்வையில் மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குப் பின்னால்தான். தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் காடு மீட்கும் 176 இடங்களின் தரவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2022-ல் வெளியானது. சராசரியாக முதல் ஆண்டிலேயே 18 சதவீதக் கன்றுகள் இறந்திருந்தன. ஐந்தாண்டுகளில் அது 44 சதவீதம் ஆனது. இடத்துக்கு இடம் வித்தியாசமும் மிகப் பெரிதாக இருந்தது. அதாவது சாவு என்பது விதி அல்ல, பராமரிப்பையும் இடத் தேர்வையும் பொறுத்தது. இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் பல பத்தாண்டுகளாக நடந்த அரசு நடவுகளை ஆராய்ந்து 2021-ல் வந்த இன்னொரு ஆய்வு, அவ்வளவு நட்டும் காட்டின் அடர்த்தி கூடியதாகத் தெரியவில்லை என்றது. துருக்கியில் 2019 நவம்பர் 11 அன்று ஒரே நாளில் 1.1 கோடி கன்றுகள் நட்டார்கள். சில மாதங்களில், பார்த்த இடங்களில் 90 சதவீதம் வரை காய்ந்துவிட்டதாக அங்குள்ள வனத் தொழிலாளர் சங்கம் சொன்னது. அரசு அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். நட்ட எண்ணிக்கையை உலகத்துக்கே அறிவித்த ஒரு நிகழ்ச்சியில், பிழைத்த எண்ணிக்கையைப் பற்றிச் சண்டை வந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

விலை எதற்கு? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை. ஓர் அமைப்பு கன்றுக்கு 50 ரூபாய் கேட்கிறது. நூறு கன்றுக்கு 5,000 ரூபாய். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் பத்துதான் பிழைக்கிறது என்றால், உயிருள்ள ஒரு மரம் 500 ரூபாய். இன்னொரு அமைப்பு 300 கேட்கிறது. அதில் கூண்டு, இரண்டு கோடைக்கு டேங்கர் தண்ணீர், காவல் எல்லாம் அடக்கம். எண்பத்தைந்து பிழைக்கிறது என்றால் ஒரு மரம் சுமார் 353 ரூபாய். விலை குறைவாகத் தெரிந்ததுதான் அதிக விலை. நாற்றங்காலில் கன்று என்னவோ மலிவுதான். செலவெல்லாம் குழி, கூண்டு, தண்ணீர், கூலி, செத்த இடத்தில் மறுநடவு ஆகியவற்றில் இருக்கிறது. எனவே அந்த விலைக்குள் என்னென்ன வருகிறது, எத்தனை வருடத்துக்கு வருகிறது என்று கேளுங்கள்.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஒரே குழியில் கன்று செத்து மூன்று முறை மறுநடவு செய்தால், சில அமைப்புகளின் கணக்கில் அது மூன்று மரம். நட்ட எண்ணிக்கையை மட்டும் வெளியிடும் இடத்தில் இது நமக்குத் தெரியவே தெரியாது. "குழி எத்தனை?" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

நிலம் யாருடையது? சாலையோரத்தில் நட்டால் அகலப்படுத்தும்போது போய்விடும். ஏரிக்கரையில் நடப் பொதுப்பணி அல்லது நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். புறம்போக்கில் நட்டால் ஊராட்சித் தீர்மானம் இருப்பது நல்லது. தனியார் நிலம் என்றால், மரம் வளர்ந்த பிறகு வெட்டும் உரிமை நிலத்துக்காரருடையது. இதில் எதுவும் தவறில்லை. ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும்.

எங்கே, எப்போது, எந்த மரம்? ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று படம் எடுத்து நடுகிறார்கள். தென்காசி, கன்னியாகுமரி, கோவையின் மேற்குப் பக்கம் போலத் தென்மேற்குப் பருவமழை எட்டும் இடங்களில் அது சரி. ஆனால் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ராமநாதபுரத்திலோ சிவகங்கையிலோ ஜூனில் நட்ட கன்று, நல்ல மழையைப் பார்க்க அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை ஊற்றும் ஒவ்வொரு குடமும் நன்கொடைப் பணம். நீலகிரியிலும் பழனி மலையிலும் இருக்கும் புல்வெளிகளில் மரம் நடுவதே கேடு. முன்பு அங்கே நட்ட சீகை, தைல மரங்களை இன்றுவரை அகற்றிக்கொண்டிருக்கிறார்கள். கோனோகார்ப்பஸ் என்ற அயல்நாட்டு மரத்தை நடும் அமைப்பு என்றால் அங்கேயே விடைபெறலாம். குஜராத் அதை 2023-லும் தமிழ்நாடு 2025-லும் தடை செய்துவிட்டன.

கணக்கு வெளியே தெரிகிறதா? இதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

## கணக்கைப் படிப்பது எப்படி

பதிவுச் சான்று, 12ஏபி (அமைப்புக்கு வரிவிலக்கு தரும் பதிவு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிக் கழிவு தரும் பதிவு), தர்ப்பண் எண் ஆகிய நான்கையும் இணையதளத்தின் அடியில் போட்டிருப்பார்கள். இவை இருக்க வேண்டியவைதான். ஆனால் இவை இருப்பதாலேயே வேலை நன்றாக நடக்கிறது என்று பொருள் இல்லை. நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் எண் வாங்குவது பெயரைப் பதிந்துகொள்வது மட்டுமே; அரசு கொடுக்கும் நற்சான்றிதழ் அல்ல. 12ஏபி, 80ஜி பதிவுகளுக்கு 2021 ஏப்ரலிலிருந்து கால வரம்பு உண்டு என்பதால், சான்றிதழில் எந்த ஆண்டு வரை என்று பாருங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பேச்சில் இன்னும் சில வருடங்களுக்கு 80ஜி என்றுதான் இருக்கும்.

எந்தச் சட்டத்தில் பதிவானது என்பதைப் பொறுத்து, நமக்குக் கிடைக்கும் தகவல் மாறும். கம்பெனிச் சட்டத்தின் 8-வது பிரிவில் பதிவானது என்றால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் இருப்புநிலைக் குறிப்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சங்கம் என்றால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் ஆண்டுக் கணக்கு மாவட்டப் பதிவாளருக்குப் போகிறது. அறக்கட்டளைக்கு அப்படிப் பொதுவில் கணக்கு வைக்கும் இடம் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் இருக்கும், அவ்வளவுதான். வருமான வரித் துறைக்குத் தணிக்கை அறிக்கை போனாலும் நம் கண்ணில் படாது. எனவே தணிக்கை செய்த கணக்கைத் தானாகவே வெளியிடும் அறக்கட்டளைக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம். கேட்டும் தராத அறக்கட்டளையை அப்படியே விட்டுவிடலாம்.

கணக்கு கையில் வந்ததும் முதலில் தணிக்கையாளர் கையெழுத்துக்குக் கீழே யூடிஐஎன் என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2019-லிருந்து பட்டயக் கணக்காளர்கள் அதைப் போட்டாக வேண்டும். அவர்களுடைய நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் ஆவணம் உண்மையானதா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து வரவு செலவுக் கணக்கு. "திட்டச் செலவு" என்று ஒரே வரியில் பெரிய தொகை இருந்தால் அதைப் பிரித்துக் கேளுங்கள். கன்று, கூண்டு, தண்ணீர், கூலி, வாகனம், விழா, விளம்பரம். விழாவும் விளம்பரமும் தண்ணீரைவிட அதிகமாக இருந்தால் எனக்கு அது போதும், மேலே படிக்க மாட்டேன்.

நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று பலர் கேட்கிறார்கள். வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்புகளுக்கு அந்த நிதியில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகத்துக்குப் போகக்கூடாது என்று வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) 2020 திருத்தம் சொல்கிறது. முன்பு அது 50 சதவீதம். ஒரு எல்லையாக இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மரம் வளர்க்கும் வேலையில் இந்தச் சதவீதம் எளிதில் ஏமாற்றும். தினமும் தண்ணீர் ஊற்றும் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகச் செலவு அல்ல, அதுதான் வேலையே. சம்பளமே இல்லை, எல்லாம் தன்னார்வலர்கள் என்று பெருமையாகச் சொல்லும் அமைப்பில், மே மாதம் மதியம் யார் டேங்கரோடு போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இருப்புநிலைக் குறிப்பில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அறநிறுவனங்கள் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே செலவழிக்க வேண்டும் என்பது வரிச் சட்டம். மரத்துக்கோ மூன்று வருடப் பராமரிப்பு தேவை. இந்த இரண்டும் மோதுகின்றன. வந்த பணத்தை எல்லாம் மார்ச்சுக்குள் கன்றாக மாற்றி நட்டுவிட்டால் வரிக் கணக்கு சுத்தமாக இருக்கும். ஏப்ரலில் தண்ணீருக்குக் காசு இருக்காது. குறிப்பிட்ட நோக்கத்தை எழுதிக் கொடுத்து, அதற்கான படிவத்தைத் தாக்கல் செய்தால் ஐந்தாண்டு வரை பணத்தை ஒதுக்கி வைக்கச் சட்டமே இடம் தருகிறது. ஆகவே "செலவழிக்காத பணம் இருக்கிறதே" என்று உடனே சந்தேகப்பட வேண்டாம். பராமரிப்புக்கு என்று பெயரிட்டு ஒதுக்கியிருந்தால், அது யோசித்து நடத்தும் அமைப்பு. பெயர் இல்லாமல் வைப்பு நிதியில் ஆண்டுக்காண்டு வளர்ந்துகொண்டே போனால், அங்கே கேள்வி கேட்க வேண்டும்.

கடைசியாக, கன்று யாரிடம் வாங்குகிறார்கள்? நர்சரி அறங்காவலரின் தம்பியுடையதா? நிறுவனர், அறங்காவலர், அவர்களுடைய உறவினருக்கு அமைப்பின் பணத்தால் ஆதாயம் போகக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. நியாயமான விலைக்கு வாங்கினால் குற்றமில்லை. ஆனால் அந்த விலை என்ன என்று சொல்ல வேண்டும்.

## வழி 1: ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று கேட்கும் பெரிய இயக்கங்கள்

இதன் பலம் வசதி. கைபேசியில் பணம் கட்டினால் ரசீது வருகிறது, சான்றிதழ் வருகிறது, சில இடங்களில் மரத்தின் இடக்குறியீட்டோடு படமும் வருகிறது. பெரிய அமைப்பு என்பதால் தணிக்கை, வரிப் படிவம் எல்லாம் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும்.

தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் காவேரி கூக்குரல். 2019-ல் ஈஷா தொடங்கியபோது ஒரு மரத்துக்கு 42 ரூபாய், 12 ஆண்டுகளில் 242 கோடி மரங்கள் என்று அறிவித்தது. நிதி வசூல் குறித்துக் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தது. 2020 ஜனவரியில், எவ்வளவு வசூலானது என்ற விவரத்தைத் தெரிவிக்கும்படி நீதிமன்றம் கேட்டது. 2021 செப்டம்பரில் வழக்கு தள்ளுபடி ஆனது. இதை யாரையும் குற்றம் சாட்டச் சொல்லவில்லை. எவ்வளவு வந்தது, எங்கே போனது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போகாமல், முதல் நாளிலிருந்தே ஒரு பக்கத்தில் எழுதி வைக்கப்பட வேண்டிய ஒன்று. பெரிய இயக்கம் எதுவானாலும் இதை எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு.

இப்படிப்பட்ட வேளாண்காடு முறையில் விவசாயியின் நிலத்தில் தேக்கு, வேங்கை, செம்மரம் போன்ற தடிமரங்கள் வைக்கப்படுகின்றன. இதில் ஒரு நல்லது இருக்கிறது. தன் மரம், தன் வருமானம் என்பதால் விவசாயி தண்ணீர் ஊற்றுகிறார். ஊற்ற ஆள் தேட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் மனதில் காட்டை நினைத்துக் கொடுத்திருந்தால், பதினைந்து இருபது வருடத்தில் அந்த மரம் வெட்டி விற்கப்படலாம் என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். அது விவசாயிக்கு நியாயமான வருமானம். உங்கள் நோக்கம் அதுதானா என்பதே கேள்வி.

மறைந்திருக்கும் செலவு என்றால் இரட்டை எண்ணிக்கைதான். அதே கன்றை அரசு நாற்றங்கால் இலவசமாகவோ மானியத்திலோ கொடுத்திருக்கலாம், ஒரு கம்பெனி தன் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) பணத்தைக் கொடுத்திருக்கலாம், நீங்களும் கொடுத்திருக்கலாம். அப்புறம் அதே மரத்துக்குக் கார்பன் வரவும் (மரம் உறிஞ்சும் கரியமில வாயுவைக் கணக்கிட்டு விற்கும் சான்று) விற்கப்படலாம். "என் பணத்தில் வைத்த மரத்துக்கு வேறு யாரிடமாவது நிதியோ கார்பன் வரவோ வாங்குகிறீர்களா?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். இடக்குறியீட்டுப் படம் நட்டதற்குத்தான் சாட்சி. இரண்டு கோடை கழித்து அதே இடத்தில் எடுத்த படம்தான் பிழைத்ததற்குச் சாட்சி.

எப்போது இது சரி: விவசாயிக்கு உதவ விருப்பம், நேரில் போக முடியாத தூரம், வரிச் சான்று அவசியம் என்ற நிலையில்.

## வழி 2: ஊர்க் குழு

நான் அதிகம் மதிப்பது இவர்களைத்தான். அதிகம் கவலைப்படுவதும் இவர்களைப் பற்றித்தான். கஜா புயல் 2018-ல் டெல்டாவில் தென்னையையும் மாவையும் சாய்த்துவிட்டுப் போனபோதும், வர்தா 2016-ல் சென்னைத் தெருக்களை மொட்டையாக்கியபோதும், முதலில் மண்வெட்டியோடு வந்தவர்களில் இப்படிப்பட்ட குழுக்கள் ஏராளம். எந்தக் கன்று யார் வீட்டு வாசலில் இருக்கிறது, எந்த ஆடு எந்த வேலியைத் தாண்டும் என்பது வரை இவர்களுக்குத் தெரியும். டேங்கர் வாடகை, கூண்டு, முள்வேலி என்று செலவும் கண்ணெதிரே நடக்கிறது. நூறு மரம் நட்டோம், அறுபது நிற்கிறது என்று மறைக்காமல் சொல்பவர்களும் பெரும்பாலும் இவர்களே.

பணம் ஒருவருடைய கைபேசி எண்ணுக்குப் போகிறது என்பதுதான் இதன் பலவீனம். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு வெளியூரில் வேலை கிடைத்தால், கல்யாணமாகிப் போனால், உடம்பு சரியில்லாமல் போனால், மரமும் கணக்கும் ஒன்றாகக் காய்கின்றன. பதிவு இல்லை என்றால் உங்களுக்கு வரிச் சலுகை இல்லை. பெரிய தொகை கொடுத்தால் அது அவருடைய தனிப்பட்ட வருமானமா என்று அவருக்கே வரிச் சிக்கல் வரலாம்.

இதற்கு வழி இருக்கிறது. பணமாகக் கொடுக்காமல் டேங்கர்காரருக்கும் கூண்டு செய்யும் பட்டறைக்கும் நேரடியாகக் கொடுங்கள். இரண்டு மூன்று வருடமாகத் தொடர்ந்து இயங்கும் குழு என்றால், ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்ய உதவுங்கள். இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற வங்கிக் கணக்கு, மாதம் ஒருமுறை வாட்ஸ்அப் குழுவில் ரசீதுப் படங்கள், ஆண்டுக்கு ஒருமுறை குழி எண்ணிக்கை. ஆரம்பத்துக்கு இது போதும். சின்னக் குழுவிடம் பட்டயக் கணக்காளர் அறிக்கை கேட்டு விரட்டுவது நியாயமில்லை.

ஏரிக்கரை உள்ள ஊர் என்றால் பனை விதைப்பைப் பற்றியும் பேசிப் பாருங்கள். பனைக்குத் தண்ணீர்ச் செலவு அநேகமாக இல்லை, ஆடு மாடு தொல்லையும் குறைவு. இங்கே பணத்தைவிட ஆள்தான் தேவை. விதைத்த எண்ணிக்கையை மரத்தின் எண்ணிக்கையாகச் சொல்லாமல் இருந்தால் சரி.

எப்போது இது சரி: நீங்களே போய்ப் பார்க்கக்கூடிய தூரம், சிறிய தொகை, வரிச் சலுகை முக்கியமில்லை என்ற நிலையில்.

## வழி 3: ஒரே நிலத்தில் காட்டை மீட்பவர்கள்

ஆரோவில் பகுதியில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செம்மண் பொட்டலாக இருந்த இடம் இன்று காடாக நிற்கிறது. வீரை, உலக்கைப்பாலை, காயா போன்ற, சோழமண்டலக் கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டு மரங்களை அங்கே மீட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் வேறு இடங்களிலும், மலையடிவாரங்களிலும், இதே பொறுமையோடு சில ஏக்கர்களை மட்டும் எடுத்துக்கொண்டு உழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இவர்களுடைய கணக்கைப் பார்த்தால் முதலில் திகைப்பு வரும். மர எண்ணிக்கை குறைவு, செலவு அதிகம், அதில் பெரும்பகுதி சம்பளம். வேலி, தீத்தடுப்பு, விதை சேகரிப்பு, சொந்த நாற்றங்கால், களை எடுப்பு என்று வருடம் முழுக்க வேலை. புதரும் கொடியும்கூட நடுகிறார்கள். படத்தில் அவை அழகாக இருக்காது. ஆனால் பத்து வருடத்துக்குப் பிறகு அங்கே பறவை வருகிறது, தானாக விதை முளைக்கிறது. ஒரு கன்றுக்கு எவ்வளவு என்று கேட்டால் இவர்கள் பதில் சொல்லத் திணறுவார்கள். ஏக்கருக்கு, ஆண்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

நிலத்தின் நிலையை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். குத்தகை நிலமா, எத்தனை வருடம், உரிமையாளர் விற்றால் காடு என்ன ஆகும்?

மியாவாக்கி முறையையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில் ஒரு சதுர மீட்டரில் மூன்றிலிருந்து ஐந்து கன்றுகள் வரை நெருக்கமாக நடுகிறார்கள். சென்னையில் கோட்டூர்புரத்தில் மாநகராட்சியே செய்திருக்கிறது. நகரத்தின் சின்ன இடத்தில் சீக்கிரம் பசுமை வேண்டும் என்றால் பொருந்தும். ஆனால் ஒன்றையொன்று நெருக்கி, பல கன்றுகள் சாவது இந்த முறையிலேயே உள்ளது. கால் ஏக்கரில் நாலாயிரம் "மரம்" என்ற எண் இதனால்தான் வருகிறது. இங்கே கன்றுக்கு இவ்வளவு என்ற விலையை மற்ற வழிகளோடு ஒப்பிடவே கூடாது. சதுர மீட்டருக்கு எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும்.

எப்போது இது சரி: எண்ணிக்கை வேண்டாம், காடு வேண்டும் என்பவர்களுக்கு. மூன்று நான்கு வருடம் தொடர்ந்து கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

## வழி 4: அரசு

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பர் 24 அன்று வண்டலூரில் தொடங்கியது. மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து பத்து ஆண்டுகளில் 33 சதவீதமாக்குவது இலக்கு. வனத்துறையிடம் நாற்றங்கால் இருக்கிறது, நிலமும் ஆளும் இருக்கிறது. உங்கள் சில ஆயிரம் ரூபாய் அங்கே போய் ஒன்றும் மாறிவிடப் போவதில்லை. அதைத் தனியாகப் பின்தொடரவும் முடியாது.

ஆனால் மற்ற மூன்று வழிகளில் இல்லாத ஒரு கருவி இங்கே உண்டு: தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள். "எங்கள் ஒன்றியத்தில் 2022-23-ல் எத்தனை கன்று நட்டீர்கள், எவ்வளவு செலவு, இன்று எத்தனை உயிரோடு உள்ளன?" என்று கேட்கலாம். அரசிடமிருந்து கணிசமாக நிதி பெறும் தொண்டு நிறுவனங்களும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. அரசு நிதியில் பெரிதாக இயங்கும் மரம் நடும் அமைப்பு எதையாவது பரிசீலிக்கிறீர்கள் என்றால் இதை மறக்க வேண்டாம்.

எப்போது இது சரி: பணத்துக்குப் பதில் நேரம் கொடுக்க முடிந்தால். நாற்றங்காலில் கன்று வாங்கி உங்கள் தெருவிலோ பள்ளியிலோ நட்டு, நீங்களே தண்ணீர் ஊற்றுவது.

## ஒரே பார்வையில்

| | பெரிய இயக்கம் | ஊர்க் குழு | காடு மீட்பவர்கள் | அரசு |
|---|---|---|---|---|
| கணக்கு பார்க்க முடியுமா | பெரும்பாலும்; பிரித்துக் கேட்க வேண்டும் | ரசீது அளவில் | கேட்டால் கிடைக்கும் | தகவல் உரிமை மனு மூலம் |
| மூன்றாம் ஆண்டு எண்ணிக்கை | கேட்டு வாங்க வேண்டும் | நேரில் எண்ணலாம் | நேரில் பார்க்கலாம் | மனு மூலம் |
| வரிச் சான்று | உண்டு | அநேகமாக இல்லை | அமைப்பைப் பொறுத்தது | பொருந்தாது |
| மறைந்த ஆபத்து | இரட்டை எண்ணிக்கை, பின்னால் வெட்டப்படுவது | ஒரே ஆளை நம்பியிருப்பது | நில உரிமை | அதிகாரி மாறினால் கவனம் மாறும் |
| ஏற்ற தொகை | எவ்வளவும் | சிறியது, பொருளாக | பல ஆண்டுகளுக்குப் பிரித்து | நேரமும் உழைப்பும் |

## வரிச் சலுகையை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது

புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவே கிடையாது. 2023-24 நிதியாண்டிலிருந்து அதுதான் இயல்பான முறை. எனவே சலுகைக்காக அமைப்பைத் தேர்வு செய்யும் பலருக்கு உண்மையில் எதுவும் கிடைப்பதில்லை. பழைய முறையில் 30 சதவீத வரம்பில் இருப்பவர் 50,000 ரூபாய் கொடுத்தால், பொதுவாக அதில் பாதி கழிவாகும். மிச்சமாகும் வரி சுமார் 7,500 ரூபாய். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. அமைப்பு உங்கள் பெயரைத் துறைக்குத் தெரிவித்து, 10பிஇ என்று அறியப்படும் நன்கொடைச் சான்று கொடுத்தால்தான் கழிவு செல்லும். வெறும் ரசீது போதாது. நல்ல ஊர்க் குழுவை விட்டுவிட்டு, தெரியாத பெரிய அமைப்புக்குப் போக இந்தத் தொகை ஒரு காரணமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

## வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களுக்கு

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படாது. சிங்கப்பூர், பிரிட்டன், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், ஓசிஐ அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டு நிதிதான். எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத ஊர்க் குழு அதை வாங்கினால், சிக்கல் உங்களுக்கு அல்ல, அவர்களுக்கு. அன்போடு அனுப்பிய பணம் அந்தப் பையன்களைக் காவல் நிலையம் வரை கொண்டுபோகலாம். பதிவு உள்ள பெரிய அமைப்புக்குக் கொடுத்து, அவர்கள் ஊர்க் குழுவுக்குப் பிரித்துக் கொடுக்கட்டும் என்ற பழைய வழியும் 2020 திருத்தத்தோடு மூடிவிட்டது. எனவே குடியுரிமை மாறியவர்களுக்கு எஃப்சிஆர்ஏ பதிவுள்ள, தானே களத்தில் வேலை செய்யும் அமைப்பு மட்டுமே வழி. அதில் ஒரு வசதி, வெளிநாட்டு நிதிக் கணக்கை நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் தங்கள் தளத்திலோ அரசு சொல்லும் தளத்திலோ அவர்கள் வெளியிட்டாக வேண்டும்.

## ஐம்பதாயிரம் ரூபாய் கையில் இருந்தால்

நான் இப்படிச் செய்வேன். சொந்த ஊரில் மூன்று வருடமாக நிற்கும் குழு இருந்தால், பத்தாயிரத்துக்குக் கூண்டும் தண்ணீரும் நேரடியாக வாங்கிக் கொடுப்பேன். மீதி நாற்பதாயிரத்தைக் காடு மீட்கும் ஓர் அமைப்புக்கு, ஒரே தடவையாக இல்லாமல், செப்டம்பரில் பாதியும் அடுத்த இரண்டு பிப்ரவரிகளில் கால் காலாகவும் கொடுப்பேன். முதல் தவணையோடு ஒரு கடிதம்: பணம் எந்த நிலத்துக்கு, அதில் பராமரிப்புக்கு எவ்வளவு, ஒவ்வொரு பிப்ரவரியிலும் எத்தனை செடி உயிரோடு உள்ளது, எத்தனை செத்தது, ஏன். செத்த எண்ணிக்கையைக் காரணத்தோடு எழுதி அனுப்பும் அமைப்புக்கு அடுத்த தவணை யோசிக்காமல் போகும். "நூறு சதவீதம் பிழைத்துவிட்டது" என்று பதில் வந்தால், தவணையை நிறுத்தி வைத்து, நேரில் போய்க் குழிகளை எண்ணிவிட்டுத்தான் கொடுப்பேன்.